ரயில் ஏன் ஊருக்குள் வரவில்லை? சேலத்தில் ஐந்து நாள்

முதல் நாள் – ஆனி கடைசி

ஜோலார்பேட்டை தாண்டியதும் இடது பக்க ஜன்னலுக்கு மாறிவிட வேண்டும். இது பெரியப்பாவின் உத்தரவு. சென்னையிலிருந்து நான் கிளம்பும் ஒவ்வொரு முறையும் போனில் சொல்வார். "வலது பக்கம் உட்காந்துட்டு வந்தீன்னா மலையை விட்டுருவ. மலையப் பாக்காம சேலம் வந்து என்ன பண்ணப் போற?" இந்த முறை சொல்ல ஆளில்லை. ஆனாலும் மாறி உட்கார்ந்தேன். பொம்மிடிக்கு அப்புறம் சேர்வராயன் மலை மெல்ல எழுந்து, லோகூர்ப் பக்கம் தண்டவாளத்தை நெருக்கிக்கொண்டே வந்தது. மேலே பாதி மேகத்துக்குள் இருந்தது.

கருப்பூர் தாண்டினால் மண் வெளுக்கத் தொடங்கும். யாரோ வண்டி வண்டியாகச் சுண்ணாம்பு கொட்டி வைத்ததுபோல வெள்ளை மேடுகள். ஊரில் வெள்ளைக்கல் என்பார்கள். மேக்னசைட். இரும்பு உருக்கும் உலைக்கு உள்பக்கம் அடுக்குகிற செங்கல் இதிலிருந்துதான் வருகிறது. சாதாரணச் செங்கல் அந்தச் சூட்டைத் தாங்காது. மேக்னசைட் ஜங்ஷன் என்றே ஒரு ஸ்டேஷன் உண்டு. "ராஜா பேருல ஊர் இருக்கு, சாமி பேருல ஊர் இருக்கு. கல்லு பேருல ஸ்டேஷன் வச்சவன் சேலத்துக்காரன்தான்டா" என்பார் பெரியப்பா. பெயரை வைத்தது ரயில்வேக்காரர்கள், சேலத்துக்காரர்கள் அல்ல என்று யாரும் அவரிடம் வாதாடியதில்லை.

அவர் போய் வருஷம் ஆகப்போகிறது. ஆடி இரண்டாம் தேதி தலைத்திவசம். அதற்காகத்தான் ஐந்து நாள் லீவு எடுத்து வந்திருக்கிறேன். அவர் இருந்தபோது "ஒரு தடவை நாலு நாள் சேர்ந்தாப்ல வா, ஊரைக் காட்டறேன்" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டார். அப்போதெல்லாம் லீவு கிடைக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து, அங்கேயே அச்சகம் நடத்தி, எழுபத்தெட்டு வயதில் அங்கேயே இறந்தவர். சேலத்துக்கு வெளியே அவர் தங்கிய இரவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று பெரியம்மா சொல்வாள். திருப்பதி, அப்புறம் என் அப்பாவின் கல்யாணம், அப்புறம் எங்கள் சென்னை வீட்டில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் மொட்டை மாடியில் நின்று "மலையே தெரியலையேடா, எப்படித் தூங்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சேலம் ஜங்ஷனில் இறங்கி வெளியே வந்தால் ஊர் இருக்காது. இருப்பது சூரமங்கலம். ஊருக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் போக வேண்டும். ஒன்பது வயதில் முதல் தடவை இங்கே இறங்கியபோது பெரியப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, "ரயில் ஏன் ஊருக்குள்ள வரல?" என்று கேட்டேன். அவர் அங்கேயே நின்றுவிட்டார். "நல்ல கேள்வி. நாலு பேரைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

கடைசி வரைக்கும் சொல்லவில்லை. மறக்கவில்லை, அதுதான் வேடிக்கை. எப்போது நினைவுபடுத்தினாலும் "இன்னும் ரெண்டு பேர் பாக்கி" என்பார். 1861-ல் சேலத்துக்கு ரயில் வந்த வருஷம் அவர் நுனி நாக்கில் இருக்கும். அது சென்னையிலிருந்து மேற்குக் கரையில் பேப்பூர் வரைக்கும் போட்ட பாதை என்பதும் தெரியும். ஏன் ஊருக்குள் வரவில்லை என்பதற்கு மட்டும் இரண்டு பேர் பாக்கி.

பெரியப்பா மகனான அண்ணன் ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டு வந்திருந்தான். பின்னால் ஏறி உட்கார்ந்ததும் அவனிடம் கேட்டேன். "பேப்பூருக்கு அவசரமாப் போறவன் சேலத்துக்குள்ள ஏன் நுழையறான்? பைபாஸ்டா அது, பைபாஸ்" என்றான்.

இரண்டாம் நாள் – ஆடி 1

காலையிலேயே தெருவில் புகை. சென்னையில் இருப்பவர்களுக்கு ஆடி ஒன்று என்றால் துணிக்கடைத் தள்ளுபடி. சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்தில் அது தேங்காய் சுடுகிற நாள். முற்றல் தேங்காயாகப் பார்த்து நாரெல்லாம் போகத் தரையில் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். ஒரு கண்ணைத் துளைத்து, கொஞ்சம் தண்ணீரை வடித்துவிட்டு, அதற்குள் பச்சைப்பயறு, எள், அவல், பொட்டுக்கடலை, வெல்லம். அந்தக் கண்ணிலேயே கூர் சீவிய அழிஞ்சில் குச்சியைச் செருகி, மஞ்சள் பூசி, தெருவில் மூட்டிய நெருப்பில் வாட்டுவார்கள். ஓடு கறுத்து வெடிப்பு விடும்போது உள்ளே எல்லாம் தேங்காய்த் தண்ணீரிலேயே வெந்திருக்கும். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால் வருகிற வாசனையை எழுத என்னால் ஆகாது.

பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, அதற்காகத்தான் இது என்று ஊரில் சொல்வார்கள். நான் பத்து வயதில், "போருக்கும் தேங்காய்க்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டபோது பெரியப்பா என்னைத் தெருக்கோடி வரை கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதையே கேட்க வைத்தார். ஏழெட்டு வீட்டில் கேட்டோம். ஒரு பாட்டி "ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டுச் சுட்டாங்க" என்றாள். இன்னொருவர் "போருக்குப் போறவனுக்குக் கட்டுச்சோறு" என்றார். மூன்றாம் வீட்டில் "தின்னுட்டுப் போங்க, கேள்வி கேக்காதீங்க" என்று ஆளுக்குப் பாதி மூடி கொடுத்தார்கள். அந்த மூன்றாவது பதில்தான் பெரியப்பாவுக்குப் பிடித்தது.

வருஷம் திரும்பாததால் எங்கள் வீட்டில் இந்த முறை பண்டிகை கிடையாது. எதிர்வீட்டுப் பையன் சுட்ட காயைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். பெரியம்மா வாங்கி உடைத்து எனக்கு மட்டும் கொடுத்தாள். அவள் சாப்பிடவில்லை.

பத்து மணிக்கு அச்சகம் போனேன். இப்போது அது அண்ணனின் டிடிபி சென்டர். ஃப்ளெக்ஸ், விசிட்டிங் கார்டு, ஸ்டிக்கர். பின்பக்கம் மட்டும் பழைய டிரெடில் மெஷின் துணி போர்த்தி நிற்கிறது. பக்கத்தில் ஈய எழுத்து கேஸ்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. கையை விட்டால் மை வாசனை இன்னும் விரலில் ஒட்டுகிறது. ஐந்தாறு வருஷம் முன்பு வரைக்கும் பில் புத்தகத்துக்கு நம்பர் அடிக்க அதைத்தான் ஓட்டினார்கள்.

பில் புத்தகம் என்றதும் பெரியப்பாவின் பெரிய ஆராய்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. 1937 அக்டோபர் 1-ம் தேதி இந்தியாவிலேயே முன்னோடியாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. ராஜாஜி அப்போது மாகாணப் பிரதமர். அதற்கு இருபது வருஷம் முன்னால் இதே சேலத்துக்கு நகராட்சித் தலைவர். மதுவிலக்கால் சர்க்காருக்கு வருமானம் விழுந்தது. அந்தப் பள்ளத்தை அடைக்க 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார்கள். விற்பனை வரி வந்தால் கடைக்காரன் பில் போட வேண்டும். பில் போட வேண்டுமானால் பில் புத்தகம் அச்சடிக்க வேண்டும். "ஆக, எவனோ குடிக்கிறதை நிறுத்தினதுலதான்டா நம்ம வீட்ல அடுப்பு எரியுது" என்று முடிப்பார். தர்மபுரி 1965-ல் பிரிந்தபோதும், 94-ல் ஊர் மாநகராட்சி ஆனபோதும், 97-ல் நாமக்கல் பிரிந்தபோதும் ஊரில் பலருக்கு வருத்தமோ சந்தோஷமோ இருந்திருக்கும். அவருக்கு அது புது லெட்டர் பேட் ஆர்டர்.

அச்சக வாசலில் ஒரு மர பெஞ்சு. அதுதான் அவருடைய சபை. எதிர்க்கடை டீ மாஸ்டருக்கு இப்போது எழுபது இருக்கும். என்னைப் பார்த்ததும் கேட்காமலே சர்க்கரை கம்மியாக ஒரு டீ போட்டுக் கொடுத்தார். அது என் டீ இல்லை, பெரியப்பாவுடைய டீ. சொல்லவில்லை, குடித்தேன்.

ரயில் சமாசாரத்தைக் கேட்டேன். "என்னையும் கேட்டாருங்க தம்பி, ரொம்ப வருஷம் முன்னாடி. எங்க தாத்தா சொன்னதைச் சொன்னேன். பஞ்சு மூட்டை வியாபாரம் இங்க. கரி இன்ஜின் உள்ள வந்தா பொறி விழுந்து பத்திக்கும்னு வியாபாரிங்க வேண்டாம்னுட்டாங்களாம்." சரி, ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

மதியம் சாப்பாட்டின்போது இன்னொரு பழைய விஷயம் கிளம்பியது. 1944 ஆகஸ்டில் சேலத்தில் நடந்த நீதிக்கட்சி மாநாட்டில்தான் அந்தக் கட்சி திராவிடர் கழகம் ஆனது. அந்த மாநாட்டு நோட்டீஸ் எங்கள் தாத்தாவின் பிரஸ்ஸில் அச்சானது என்பது பெரியப்பா எங்களுக்கெல்லாம் சொல்லி வளர்த்த கதை. நானே ஆபீசில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பெரியம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "போர்டைப் பாத்தியா? நிறுவியது 47-னு போட்டிருக்கு. 44-ல எங்க இருந்து வந்தது பிரஸ்ஸு?" என்றாள்.

சோறு தொண்டையில் நின்றது. முப்பது வருஷமாக அந்த போர்டைப் பார்க்கிறேன், ஒரு தடவைகூடக் கழித்துப் பார்க்கவில்லை.

"அப்ப பொய்யா பெரியம்மா?"

"முழுப் பொய்யின்னும் சொல்ல முடியாது. மாமனார் அப்ப வேற ஒருத்தர் பிரஸ்ல எழுத்துக் கோத்துட்டு இருந்தாரு. அங்கதான் அந்த நோட்டீஸ் அச்சாச்சுன்னு அவரே சொல்லிக் கேட்டிருக்கேன்." அதாவது பெரியப்பா சேர்த்தது முதலாளி பதவி மட்டும்தான். தன் அப்பாவுக்கு அவர் கொடுத்த பிரமோஷன். எனக்கு அதில் கோபம் வரவில்லை. அடுத்த தடவை ஆபீசில் சொல்லும்போது திருத்திச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் – ஆடி 2

காலையில் திவசம் நல்லபடியாக முடிந்தது. காக்கா வரத் தாமதமானது. "பேசிட்டு நிக்கறாரு எங்கயோ" என்றாள் பெரியம்மா. எல்லாரும் சிரித்துவிட்டோம், ஐயர் உட்பட.

சாயங்காலம் கொலுசுப் பட்டறைக்குப் போனேன். சேலம் வெள்ளிக் கொலுசு ஊர் பூராவும் விற்கிறது, ஆனால் ஒரே இடத்தில் முழுக் கொலுசு உருவாவதைப் பார்ப்பது கஷ்டம். ஒரு வீட்டில் உருக்கிக் கம்பி இழுப்பார்கள். இன்னொரு வீட்டில் அதை வளையமாக்கிக் கோர்ப்பார்கள். பொடி வைத்துப் பற்றவைப்பது ஒரு வீடு. மணி கட்டுவது பெரும்பாலும் பெண்கள், வீட்டு வேலைக்கு நடுவில். மெருகு போடுவது வேறொரு ஆள். எடை போட்டு வாங்கி எடை போட்டுக் கொடுப்பதுதான் ஒவ்வொரு கை மாறும்போதும் கணக்கு. பொட்டு வெள்ளி குறைந்தாலும் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது பெரியப்பா, பல வருஷம் முன்னால். பட்டறைக்காரரிடம் அதைச் சொன்னேன். அவர் ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தார். "அவருக்குச் சொன்னது நானுங்க."

"அப்படியா?"

"இங்கதான், இதே பலகையில உட்காந்துதான். மூணு மாசம் வந்தாரு. ஒவ்வொரு வீட்டுக்கும் கூட்டிட்டுப் போனேன். 'இந்தப் பொடிக்கு என்ன பேரு, அந்தச் சாமானுக்கு என்ன பேரு'ன்னு கேட்டுக் கேட்டு எழுதிக்குவாரு. எதுக்குங்கய்யான்னா, 'தெரிஞ்சிக்கத்தான்'ம்பாரு."

ரயில் விஷயத்துக்கு அவர் பதில்: கோட்டைப் பக்கம் இருந்த பெரிய மனுஷர்கள் தடுத்துவிட்டார்கள். யார் அந்தப் பெரிய மனுஷர்கள் என்றால், "பெரிய மனுஷங்கதான்."

திரும்பும்போது திருமணிமுத்தாற்றுப் பாலத்தில் நின்றேன். சேர்வராயன் மலையில் பிறந்து வருகிற ஆறு. பெயரில் மணியும் முத்தும் இருக்கிறது. கீழே பார்த்தேன். அதைப் பற்றி எழுதாமல் இருப்பதே ஆற்றுக்கு மரியாதை.

கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் ஆடிப் பண்டிகைக்குப் பந்தல் கால்கள் இறங்கிக் கிடந்தன. இன்னும் கொஞ்ச நாளில் இந்தத் தெருக்களில் கால் வைக்க முடியாது. கோட்டை என்ற பெயர்தான் மிச்சம். மதிலைத் தேடினால் கிடைக்காது. பெரியப்பா இங்கே கொண்டுவந்து நிறுத்தி, 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து இந்தச் சீமை கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போனது, ரீட் என்ற ராணுவக்காரர் முதல் கலெக்டராக வந்தது, அவருக்குக் கீழே வேலை பார்த்த மன்றோ என்ற இளைஞர்தான் பின்னாளில் மதராஸ் கவர்னர் ஆனது என்று வரிசையாகச் சொல்வார். குடியானவனிடம் நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி முறை இந்தப் பக்கத்து வயல்களை அளந்ததில்தான் உருவானது. "நாடு பூரா அளக்கறதுக்கு முன்னாடி நம்ம வயல்ல அளந்து பழகினாங்க" என்பார்.

தட்டுவடை செட் சாப்பிடாமல் வீட்டுக்குப் போவது குற்றம். இரண்டு குட்டித் தட்டுவடைக்கு நடுவில் காரட், பீட்ரூட், வெங்காயத் துருவல், சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி. கடை அக்காவிடம் பெரியப்பா பெயரைச் சொன்னதும், "அவரா? ஒரு செட்டு வாங்கிட்டு ஒரு மணி நேரம் நிப்பாரு. பின்னாடி நாலு பேரு நிக்கறாங்கன்னு சொன்னா, அந்த நாலு பேருகிட்டயும் பேச ஆரம்பிச்சுருவாரு" என்றாள். அவளுக்கு ரயில் கதை எதுவும் தெரியவில்லை. "எனக்கு எதுக்குக் கண்ணு அதெல்லாம்? நொறுக்கல் ஒண்ணு போடட்டுமா?"

நான்காம் நாள் – ஏற்காடு

காலை ஆறரைக்கே பைக்கில் கிளம்பினோம், அண்ணனும் நானும். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. உள்ளே ஸ்டுடியோ இல்லை, முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கி நூறு படங்களுக்கு மேல் வெளிவந்த இடம். மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938-ல் இந்த ஸ்டுடியோ தயாரித்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமும், 1956-ல், இங்கேதான். சென்னைக்குப் போகாமலே சினிமா எடுக்க முடியும் என்று காட்டிய ஊர் இது. வளைவு முன்னால் இரண்டு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவாக இருந்தால் அவர்களைப் பிடித்துவைத்திருப்பார். நாங்கள் வண்டியை நிறுத்தவில்லை.

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் போட்டிருக்கும். பத்தாவதுக்கு மேல் காற்று மாறியது. சட்டைக்குள் குளிர் புகுந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே காபிச் செடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்பார்கள். ஏரிக்கரையில் படகுக்கு வரிசை. அந்தப் பக்கமே நாங்கள் திரும்பவில்லை.

நேராக ஹோலி டிரினிட்டி சர்ச். எனக்கு இந்த இடத்தோடு ஒரு தனிக் கணக்கு உண்டு. நான் குடியிருப்பது பல்லாவரம். 1863 மே 30-ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் துறைக்காரர் அங்கே படைத் திடல் பக்கத்துச் சரளைக் குழியில் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது அதிலிருந்துதான் தெரிய வந்தது. அந்த ஃபூட் கடைசிக் காலத்தில் வந்து தங்கியது ஏற்காட்டில். 1912 கடைசியில் கல்கத்தாவில் இறந்தார்; சாம்பல் இந்த சர்ச்சுக்கு வந்தது. நான் பல்லாவரத்தில் ஃபிளாட் வாங்கினேன் என்று சொன்னபோது, வட்டி எவ்வளவு, தண்ணீர் வருகிறதா என்று மற்றவர்கள் கேட்டார்கள். பெரியப்பா கேட்டது: "உங்க ஊர்க் கல்லை எடுத்தவரு எங்க மலையில இருக்காரு, தெரியுமா?"

ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். பிறகு சென்னை வந்து 'தினவர்த்தமானி' பத்திரிகை நடத்தினார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874-ல் புத்தகமாகப் போட்டார். அவர் இறந்ததும் ஏற்காட்டில்தான், 1882-ல். மருமகன் மண்ணுக்குள் இருந்த கல்லைத் தேடினார், மாமனார் ஜனங்கள் வாயில் இருந்த சொல்லைத் தேடினார். இரண்டு பேரில் யார் பெரியவர் என்று அச்சக பெஞ்சில் ஒரு நாள் முழுக்கச் சண்டை நடந்ததாம். பெரியப்பா கட்சி மாமனார்.

சர்ச் பூட்டியிருந்தது. காவல்காரர் வந்து கேட்டைத் திறந்தார். புல் நனைந்திருந்தது, எழுத்து மங்கிய பழைய கற்கள். அவற்றுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றோம். அண்ணன் திடீரென்று சொன்னான்: "அப்பா எழுத்துக் கோக்கற ஆளு இல்லையா, கல்வெட்டைப் பாத்தா வலமிருந்து இடமாப் படிப்பாரு. கண்ணாடியில தெரியற மாதிரியே கண்ணு பழகிப்போச்சுன்னு சொல்லுவாரு." எனக்கு இது தெரியாது. இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லவில்லை.

அங்கிருந்து சேர்வராயன் கோயில். மலையின் உச்சி மட்டம் அது, ஐயாயிரத்து முந்நூறு அடிக்கு மேல். மேலே மேஜை மாதிரி பரந்த வெளி. மண் செம்மண்ணாக இருக்கும், பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்துதான் வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். கோயில் என்றால் குகை. குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும் பக்கத்தில் பக்கத்தில். குகை காவிரி வரைக்கும் போகிறது என்பது நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் இங்கே இறங்கிவிடும்.

கோயிலுக்குக் கொஞ்சம் கீழே ஒரு டீக்கடை. அண்ணன் அங்கிருந்த பெரியவர் ஒருவரைக் காட்டினான். "அப்பா மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வர்றது இவரப் பாக்கத்தான்." மலையாளி சமூகத்துக்காரர். வெளியூர்க்காரர்கள் கேரளாவோடு குழப்பிக்கொள்வார்கள். மலையை ஆள்கிறவர், மலையாளி, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்து, ஆளுக்கொரு மலையில் தங்கி, அவர்கள் வம்சம்தான் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலையில் பெருகியது என்பது அவர்கள் கதை. எனக்கு அந்தக் கதை ஆறு வயதிலேயே பாடம். பெரியப்பா சொல்லும்போது மூத்தவனுக்கு ஒரு குரல், சின்னவனுக்கு ஒரு குரல்.

பெரியவரிடம் அதைச் சொன்னேன். "எங்க பெரியப்பா உங்க கதையெல்லாம் நல்லாச் சொல்லுவாருங்க. பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாரு."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "யாரு? பிரஸ்காரரா? அவரு எங்கங்க பேசுவாரு?"

"பேச மாட்டாரா?"

"நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. வருவாரு, டீ வாங்குவாரு, ஒண்ணு கேப்பாரு. நான் சொல்லிக்கிட்டே இருப்பேன். 'அப்படியா'ம்பாரு. அவ்வளவுதான், பொழுது போயிரும். ஆனா மறதி கிடையாது. அடுத்த மாசம் வந்து, 'போன தடவை மூத்தவன்னீங்க, இப்ப நடுவுலவன்ங்கறீங்க, எதுங்க?'ன்னு புடிச்சுக்குவாரு. எனக்கே சந்தேகம் வந்துரும். எங்க அக்காகிட்டப் போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுவேன்."

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் பெரியப்பா என்றால் வாய் மூடாத மனுஷர். சாப்பாட்டு இலையில் கை காயும் வரை பேசுவார். பெரியம்மா அவர் பேச்சுக்குப் பயந்தே சமையலறையில் ரேடியோ வைத்திருந்தாள். இங்கே ஒருவர், மாசம் ஒரு தடவை அவரைப் பார்த்தவர், பேசவே மாட்டார் என்கிறார். கொலுசுப் பட்டறைக்காரரும் டீ மாஸ்டரும் சொன்னது அப்போதுதான் சேர்ந்து உறைத்தது. மேலே கேட்டதைத்தான் கீழே வந்து எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். மலைக் கிராமத்துப் பிள்ளையார் கோயில்களில் வழவழப்பான பச்சைக் கற்கள் வைத்திருப்பார்களாம், இடி விழுந்த கல் என்று. அவை புதிய கற்காலக் கோடரிகள். ஃபூட் இந்த மலையில் பார்த்து எழுதியவை. "ஆயுதம்னு பிரஸ்காரரு சொன்னாரு. நான் சொன்னேன், ஆயுதமா இருந்தா என்ன, இப்ப சாமி. அதுக்கும் 'அப்படியா'தான்."

ரயில்? "தொரைங்க ஊருக்குள்ள நுழையாம நேரா மலைக்கு வரணும்னு அங்க வச்சாங்க." ஸ்டேஷன் மேற்கே, மலைப் பாதை வடக்கே, வரைபடத்தில் அது கொஞ்சம்கூட ஒட்டவில்லை. ஒட்டவில்லை என்று சொல்ல வாய் வந்தது. "அப்படியா?" என்றான் அண்ணன், எனக்கு முன்னால். பெரியவர் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். மலை இறங்கும்போது மணி நான்கு.

ஐந்தாம் நாள் – கிளம்புதல்

மதிய ரயில். காலையில் தாரமங்கலம் ஓடிப் போய்விட்டு வந்தேன். கெட்டி முதலிகள் கட்டிய கைலாசநாதர் கோயில். கல்லிலேயே செய்த சங்கிலி, வாய்க்குள் கல் உருண்டையோடு யாளி, எல்லாம் அப்படியே இருக்கின்றன. ராமர் தூணும் வாலி தூணும் இருக்கிற இடத்தில் கொஞ்சம் நின்றேன். ராமர் பக்கத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி பக்கத்திலிருந்து ராமரைத் தேடினால் தெரிய மாட்டார். சின்ன வயதில் பெரியப்பா என்னை வாலி பக்கம் நிறுத்திவிட்டு ராமர் பக்கம் போய் நின்றுகொண்டு "தெரியறேனா?" என்று கூப்பிடுவார். அவர் தொந்தி மட்டும் தெரியும்.

வீட்டில் பெரியம்மா ஜவ்வரிசி வடகம் ஒரு பெரிய பையும், சீசன் முடியப்போகிற மல்கோவா நான்கும் கட்டி வைத்திருந்தாள். ஈய எழுத்துகளை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்லியிருக்கிறாராம். அண்ணன் முடிவு எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது பெரியம்மாவிடமும் கேட்டுவிட்டேன். "ஆத்தைத் தாண்டி வரணும்ல? பாலம் கட்டக் காசு ஆகும். வெள்ளைக்காரன் கணக்குப் பாக்காமயா இருப்பான்?" இதுவரைக்கும் கேட்டதில் இதுதான் கொஞ்சம் காரியமாக இருந்தது. பெரியப்பா இவளைக் கேட்டிருப்பாரா என்று தெரியவில்லை. கேட்டிருக்க மாட்டார். அந்தப் பாக்கி இரண்டு பேரில் ஒருத்தி வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள்.

அண்ணனுக்கு அவசர ஃப்ளெக்ஸ் ஆர்டர், ஆட்டோ பிடித்தேன். ஐந்து ரோடு தாண்டி சிக்னலில் நின்றபோது ஓட்டுநரிடம் கேட்டேன். "ஏங்க, இந்த ரயிலை ஏன் ஊருக்குள்ள விடாம இவ்வளவு தூரத்துல வச்சாங்க?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஊருக்குள்ள வந்திருந்தா எங்களுக்கு ஏதுங்க சவாரி?"